ஆண்டறிக்கையின் பதினான்காம் பக்கம்

வீட்டில் அடி தாங்காமல் வெளியேறி வரும் பெண்களுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒன்பது வருடங்களாக வேலை செய்கிறேன். முதல் ஆறு வருடங்கள் ஆலோசகர். பிறகு நானாகவே கேட்டு, பயனாளிகளின் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு மாறினேன். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். மனிதர்களோடு பேசுவதை விட்டுவிட்டுக் காகிதங்களோடு உட்காரப் போகிறாயா என்று கேட்டார்கள். நான் செய்த ஒரு தவறுதான் காரணம்.

ஆண்டறிக்கையில் நன்கொடையாளர்கள் படிப்பதற்கு ஒரு பெண்ணின் கதை வேண்டும் என்றார்கள். நான்தான் எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை எடுத்துவிட்டேன், முகம் தெரியாத படமாகத் தேடிப் போட்டேன். ஆனால் அவர் தையல் வேலை செய்தவர், இரட்டைக் குழந்தைகளின் தாய், இடது கையில் தீக்காயத் தழும்பு உள்ளவர் என்பதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டேன். அவை இல்லாவிட்டால் கதையில் உயிர் இருக்காது என்று அப்போது நினைத்தேன். (இங்கே தொழிலையும் குழந்தைகளையும் தழும்பையும் மாற்றிவிட்டேன். இதைப் பதிவிடுவதற்கு முன் அவரிடம் படித்தும் காட்டினேன்.)

அறிக்கை அச்சாகி மூன்றாவது வாரம் அவர் அலுவலகத்துக்கு வந்தார். பதினான்காம் பக்கத்தை மட்டும் கிழித்து, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். அதை என் மேசையில் விரித்துக் கையால் நீவிவிட்டு, “எங்கள் தெருவில் இரட்டைக் குழந்தை வைத்திருக்கும் தையல்காரி எத்தனை பேர், அக்கா?” என்று கேட்டார். கோபமே இல்லாத குரல். அந்தப் பக்கம் அவருடைய நாத்தனார் கைக்குப் போய், அங்கிருந்து யார் யாருக்கோ போயிருந்தது.

ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்து இருந்தது. எடுத்துப் பார்த்தேன், வந்து சேர்ந்த முதல் நாள் இரவு, மற்ற ஐந்து காகிதங்களோடு சேர்த்து வாங்கியது. படுக்க ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று நிற்பவரிடம் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவார். இப்போது கதைக்கான சம்மதத்தை, அவர் எங்களிடம் எதற்கும் கையேந்தத் தேவையில்லாத காலத்தில், தனியாகக் கேட்கிறோம். மறுத்தால் எந்த உதவியும் நிற்காது என்று சொல்லிவிட்டுத்தான் கேட்கிறோம். பாதிப்பேர் மறுக்கிறார்கள்.

பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று நம்பியது நான் மட்டும் அல்ல. லட்டான்யா ஸ்வீனி என்ற கணினி அறிவியலாளர் 2000ஆம் ஆண்டிலேயே காட்டியிருக்கிறார்: அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரை அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் என்ற மூன்றை மட்டும் வைத்துத் தனித்து அடையாளம் காண முடியும் என்று. நான் பதினான்காம் பக்கத்தில் ஏழு விவரங்கள் கொடுத்திருந்தேன். எண்ணிப் பார்த்தேன்.

கோப்பறைப் பொறுப்புக்கு வந்ததும் முதலில் கையில் எடுத்தது பதிவுப் படிவம். நான்கு பக்கம். மதம், கணவரின் மாத வருமானம், படித்த பள்ளியின் பெயர் என்று கட்டம் கட்டமாக இருந்தது. கணவரின் வருமானம் எதற்கு என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய ஊழியர் ஒருவர் யோசித்துச் சொன்னார்: எப்போதோ ஒரு திட்டத்துக்கு நிதி கொடுத்தவர்கள் கேட்டார்களாம். திட்டம் முடிந்து பல வருடங்கள் ஆகியும் கட்டம் மட்டும் அங்கேயே இருந்தது. நூற்றுக்கணக்கான பெண்கள் அதை நிரப்பியிருக்கிறார்கள். இப்போது படிவம் ஒரே பக்கம். ஒவ்வொரு கேள்விக்கும் நேரே, அந்த விவரத்தை வைத்து நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை எழுத முடியாத கேள்விகளை நீக்கிவிட்டோம்.

தன்னிடம் இருப்பதே தெரியாமல் சேர்த்து வைப்பது இன்னும் மோசம். பிரிட்டனில் கர்ப்பம், கருக்கலைப்பு பற்றி ஆலோசனை தரும் ஒரு பெரிய தொண்டு நிறுவனத்துக்கு 2014இல் 2,00,000 பவுண்டு அபராதம் விதித்தார்கள். ‘என்னைத் திருப்பி அழையுங்கள்’ என்று இணையதளத்தில் எண் கொடுத்தவர்களின் விவரங்கள் அங்கேயே தங்கிக்கொண்டிருந்தன. அது நிறுவனத்துக்கே தெரியாது. ஊடுருவிய ஒருவன் கிட்டத்தட்ட 9,900 பேருடைய விவரங்களை எடுத்துக்கொண்டு, வெளியிடுவேன் என்று மிரட்டினான். இதைப் படித்த அன்று மாலையே எங்கள் பழைய அலமாரிகளைத் திறந்தேன். துண்டாக்கும் இயந்திரம் நான்கு நாள் ஓடியது. மூன்றாம் நாள் சூடேறி நின்றுவிட்டது.

இப்போதைய ஏற்பாடு எளிமையானதுதான். கோப்பின் மேல் எண் மட்டும் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பதிவேடு வேறு அறையில், வேறு பூட்டில். ஆலோசகர் தன் பயனாளியின் கோப்பை மட்டும் திறக்கலாம். வேலையை விட்டுப் போகிறவரின் பாஸ்வேர்ட், விடைபெறும் கூட்டம் முடிவதற்குள் ரத்தாகிவிடும். ஒரு தன்னார்வலருக்கு இதில் மனவருத்தம், “என்னை நம்பவில்லையா?” என்றார். நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கியும் அவர் முகம் தெளியவில்லை.

அதைவிடப் பெரிய சண்டை, நிதி கொடுப்பவர்களோடு. உதவி போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரமாகப் பெயர், தொலைபேசி எண்ணோடு பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்கிறார்கள். கெட்ட எண்ணம் இல்லை, கணக்குக் கேட்கிறார்கள். கோப்பு எண்களை மட்டும் அனுப்புகிறோம், நேரில் வந்தால் எங்கள் முன்னிலையில் சரிபார்க்கலாம் என்கிறோம். ஒரு நிதி அமைப்பு இதனாலேயே விலகிப் போனது. எங்கள் கணக்காளர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

மின்னஞ்சல் என்றதும் இன்னொன்று. 2020இல் ஸ்காட்லாந்தில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனம் ஒன்று, 105 பேருக்கு ஒரு சாதாரணக் கூட்ட அழைப்பை அனுப்பியது. மற்றவர்களுக்குத் தெரியாத பி.சி.சி.யில் போட வேண்டிய முகவரிகளை எல்லோருக்கும் தெரியும் சி.சி.யில் போட்டுவிட்டார்கள். 65 முகவரிகளில் ஆளின் பெயரே இருந்தது. அபராதம் 10,000 பவுண்டு. கடிதத்தில் ரகசியம் எதுவும் இல்லை. அந்தப் பட்டியலில் இருப்பதே ரகசியம். அதனால்தான் எங்கள் தொலைபேசிக்கும் ஒரு விதி. “என் தங்கை அங்கே இருக்கிறாளா? அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார்” என்று மென்மையான குரலில் அழைப்பு வரும். உண்மையாகவும் இருக்கலாம். யார் கேட்டாலும், அந்தப் பெண் இங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும், பதில் ஒன்றுதான்: “இங்கே யார் இருக்கிறார்கள் என்று நாங்கள் சொல்வதில்லை. உங்கள் எண்ணைக் கொடுங்கள்.” இல்லாதவர்களுக்கு ‘இல்லை’ என்று சொல்லிப் பழகிவிட்டால், ‘சொல்ல மாட்டோம்’ என்பதே ‘இருக்கிறார்’ என்றாகிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பழக்கப் பல நாள் ஆகிறது. ‘இல்லை’ அவ்வளவு இயல்பாக வாயில் வருகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் கசியாது என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்துக்கே 2022 ஜனவரியில் நடந்தது; போரில் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள், சிறையில் இருப்பவர்கள் என 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் ஊடுருவியவர்களின் கைக்கு எட்டின. சங்கம் அதை மூடி மறைக்கவில்லை. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கசிவு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்லச் சொல்கிறது. அந்தக் காலக்கெடுவை நான் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கும் முன்னால், அந்தப் பெண்ணுக்கு யார், எந்த எண்ணில், எந்த நேரத்தில் சொல்வது என்று எழுதி வைத்திருக்கிறோம். கணவர் எடுக்கக்கூடிய தொலைபேசியில் ‘உங்கள் விவரம் கசிந்துவிட்டது’ என்று சொன்னால் அதுவே இரண்டாவது கசிவு.

பதினான்காம் பக்கத்துப் பெண் அதன்பின் தன் கோப்பைப் பார்க்க வேண்டும் என்றார். கொடுத்தோம். என் எதிரில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. ‘சற்று மிகைப்படுத்துகிறார்’ என்று என் கையெழுத்தில், ஏதோ ஒரு களைத்த மாலையில், எழுதியிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினார். குழந்தை ஒன்றின் பெயரில் எழுத்துப் பிழை இருந்தது. அதை மட்டும் திருத்தச் சொன்னார்.

அந்த அறிக்கையைத் திரும்ப வாங்க முயன்றோம். அச்சிட்டது 400. வந்து சேர்ந்தவை 312.