வெட்டாமல் கொடுங்கள்

தென்கொரியாவின் பூசானில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராகச் சேர்ந்த வாரம், பேராசிரியர் என்னை முதலில் அனுப்பியது ஜகால்ச்சி மீன் சந்தைக்கு. உயிருள்ள கேபுல் என்ற கடல் புழு பத்து வாங்கி வர வேண்டும். அறிவியல் பெயர் யூரெக்கிஸ் யுனிசிங்டஸ். கரண்டிப்புழு வகைதான், ஆனால் இதற்கு அந்தக் கரண்டி மூக்கு மிகச் சிறியது. இளஞ்சிவப்பாக, சாண் நீளத்தில், தொட்டிக்குள் பலூன் போல உப்பும், அப்புறம் சுருங்கும்.

கடைக்கார அஜும்மாவிடம் (நடுத்தர வயதுப் பெண்ணைக் கொரியாவில் அப்படித்தான் அழைப்பார்கள்) பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். நான் வாயைத் திறப்பதற்குள் கத்தி இறங்கிவிட்டது. இரண்டு முனையையும் நறுக்கி, உள்ளிருப்பதை வழித்து, துண்டு போட்டு, உப்பு போட்ட எள்ளெண்ணெயோடு பையில் கட்டிக் கொடுத்தார். ஆய்வுக்கூடத்தில் மதியமே தின்று தீர்த்தார்கள். "சருஜி மாசெயோ", அதாவது வெட்டாதீர்கள். கொரிய மொழியில் நான் பிழையில்லாமல் கற்ற முதல் வாக்கியம் அதுதான்.

எங்களுக்கு வேண்டியது அதன் குடல் சுவர். இந்தப் புழு சேற்றில் யூ வடிவ வளையில் வாழ்கிறது. கடல் வற்றும் நேரத்தில் அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு ஏறும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அதே விஷம், செல்களின் மூச்சையே நிறுத்தக்கூடியது. கேபுலோ செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே அதை ஆக்சிஜனேற்றம் செய்து தப்பித்துக்கொள்கிறது. மூச்சு விடுவதும் பின்பக்கமாகத்தான், பின்குடலுக்குள் தண்ணீரை இழுத்து வெளியேற்றி.

முதன்முதலாகக் கத்தரி வைத்தபோது என் வெள்ளைக் கோட்டில் சிவப்பாகப் பீய்ச்சியடித்தது. இதற்கு இரத்தக் குழாயே கிடையாது. ஹீமோகுளோபின் செல்கள் மிதக்கும் திரவம்தான் உடற்குழி முழுக்க. ஒன்றை அறுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று, அப்படியும் மாதிரி வீண்.

அடுத்த வாரம் ஒன்றை மட்டும் வெட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். அஜும்மா புழுவைத் தொட்டிக்கு நேராகப் பிடித்து, பின்முனையில் சின்னதாக ஒரு கீறல் போட்டார். திரவம் வடியும்வரை கத்தி நகரவில்லை. நான் விட்டது அந்த ஒரு கணத்தைத்தான்.

வெட்டியதை வீணாக்கக் கூடாதே என்று வாயில் போட்டேன். நறுக் நறுக்கென்று, லேசான தித்திப்பு. கிளைசின், அலனின் போன்ற அமினோ அமிலங்கள் செய்கிற வேலை அது.

அன்றிரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். "கேபுலா? பேருக்கு என்ன அர்த்தம்டா?" என்றார். 'கே' என்றால் நாய் என்றேன். 'புல்' நாயின் எந்த உறுப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.