பதினெட்டுப் பேர் வகுப்பில் கணக்கு வாத்தியார்

அமெரிக்காவில் கணிதத்தில் பிஎச்டி முடிக்கும் நிலையில் இருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணா, சின்னக் காலேஜுக்கெல்லாம் அப்ளை பண்ணலாமா? ஆராய்ச்சி என்ன ஆகும்?" மிட்வெஸ்டில் ஒரு சிறிய கிறிஸ்தவ லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் (கலை, அறிவியல் எல்லாம் கலந்து இளங்கலைப் படிப்பு நடத்தும் கல்லூரி) ஒன்பது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். கல்லூரி மொத்தத்துக்கும் மாணவர்கள் ஆயிரத்து இருநூறு பேர். கணிதத் துறையில் நாங்கள் நான்கு பேர். இங்கே வருவதற்கு முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்ததை எழுதுகிறேன்.

முதலில் 'கிறிஸ்தவ' என்ற சொல். எல்லாக் கல்லூரியிலும் அதற்கு ஒரே பொருள் இல்லை. இல்லினாயிலுள்ள வீட்டன் கல்லூரியில் ஆசிரியர்கள் நம்பிக்கை அறிக்கையை ஆண்டுதோறும் உறுதிப்படுத்த வேண்டும். மிச்சிகனில் கால்வின், சீர்திருத்தத் திருச்சபை மரபை ஆசிரியர்களிடமும் எதிர்பார்க்கிற இடம். மினசோட்டாவின் செயின்ட் ஓலாஃப் 1874இல் நார்வே லூத்தரன்கள் தொடங்கிய கல்லூரி. அங்கே இப்படிக் கையெழுத்து கேட்பதில்லை. கத்தோலிக்கக் கல்லூரிகள் பலவற்றில் கணக்கு வாத்தியாரின் மதத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. என் இந்து நண்பர் ஒருவர் அப்படி ஒன்றில் நிம்மதியாக இருக்கிறார். ஆகவே வேலை விளம்பரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். நான் பாளையங்கோட்டையில் சிஎஸ்ஐ சபையில் வளர்ந்தவன். அதனால் விண்ணப்பத்தோடு கேட்ட, என் நம்பிக்கை பற்றிய ஒரு பக்கக் கட்டுரையை ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது. ஞாயிறு பள்ளியில் படித்ததை அப்படியே இறக்கி வைத்தால் ஒரு பத்தியிலேயே தெரிந்துபோகும்.

அடுத்தது வேலைச் சுமை. எனக்கு ஒரு செமஸ்டரில் மூன்று பாடம், அடுத்ததில் நான்கு. நான்கும் நான்கும் நடத்துகிற இடங்களும் உண்டு. என் பிஎச்டி டோப்பாலஜியில், அதாவது வளைத்தாலும் இழுத்தாலும் மாறாத வடிவப் பண்புகளைப் பற்றிய கணிதத்தில். ஆனால் வருடம் தவறாமல் நடத்துவது நர்சிங் மாணவர்களுக்கான புள்ளியியல். டீச்சிங் அசிஸ்டென்ட் கிடையாது. ஹோம்வொர்க் திருத்துவது நீங்கள்தான். முதல் வருடம் இதை எண்ணி நொந்துகொண்டேன். பிறகுதான் விளங்கியது, இந்த வேலையின் சாரமே அந்தத் தாள்களில்தான் இருக்கிறது.

ஒன்று காட்டுகிறேன். நிறுவல் எழுதக் கற்றுத்தரும் இரண்டாம் ஆண்டுப் பாடம். இரண்டு ஒற்றை எண்களின் பெருக்கல் ஒற்றை எண் என்று நிறுவ வேண்டும். ஒரு மாணவி m = 2k + 1, n = 2k + 1 என்று எழுதிப் பெருக்கி, அழகாக முடித்திருந்தாள். கூட்டல் கழித்தலில் ஒரு பிழை இல்லை. சிவப்பு மையில் 'தவறு' என்று எழுதிக் கொடுத்திருந்தால், அடுத்த முறை k, l என்று இரண்டு எழுத்து போட்டிருப்பாள். ஏன் என்று தெரிந்திருக்காது. ஆபீஸ் அவர்ஸில், அதாவது மாணவர்கள் அறைக்கு வந்து சந்தேகம் கேட்கும் நேரத்தில் வந்தபோது, "m ஐ 3 என்று வை, n ஐ 5 என்று வை. k எவ்வளவு?" என்று மட்டும் கேட்டேன். "ஒன்று... இல்லை, இரண்டு..." அப்புறம் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. "அப்படியென்றால் நான் ஒரு எண்ணை அதே எண்ணால் பெருக்கியதை மட்டும்தான் நிறுவியிருக்கிறேன்" என்றாள். அந்த ஒரு நிமிட மௌனத்தைப் பொறுத்துக்கொள்ள எனக்கு நான்கு வருடம் பிடித்தது. நம் ஊரில் எண்பது பேர் வகுப்பில் படித்தவனுக்குச் சும்மா இருப்பது என்றால் வேலையைத் தட்டிக்கழிப்பது போலத் தோன்றும்.

நேர்காணலில் நான் தோற்றதும் இதனால்தான். வேறொரு கல்லூரியில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள், பாடம் கால்குலஸில் வரும் சங்கிலி விதி. பலகை மூன்றையும் நிரப்பினேன், ஐம்பது நிமிடத்தில் சரியாக முடித்தேன், மனதுக்குள் முதுகில் தட்டிக்கொண்டேன். வேலை கிடைக்கவில்லை. குழுவில் இருந்த ஒருவர் பிற்பாடு நல்லெண்ணத்தோடு சொன்னார்: பாடம் தெளிவாக இருந்தது, ஆனால் ஒரு மாணவரின் பெயரைக்கூட நீங்கள் கேட்கவில்லை. மாதிரி வகுப்பில் பாதி உள்ளடக்கத்தை வெட்டிவிடுங்கள். பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஆறு பேராவது வாய் திறக்க வேண்டும்.

பணி நிரந்தரத்துக்கு, நம்பிக்கையும் உங்கள் துறையும் எங்கே சந்திக்கின்றன என்று எங்கள் கல்லூரியில் ஒரு நீண்ட கட்டுரை கேட்பார்கள். கடவுள் ஒருவரே, ஆனால் மூவர் என்கிற திரித்துவத்தை ஒன்றும் மூன்றும் வைத்து விளக்கக் கிளம்பாதீர்கள். கணிதமும் கெடும், இறையியலும் கெடும். மாணவர்களே கொண்டுவரும் கேள்விகள் போதும். வருடம் ஒருவராவது பைபிளில் 1 இராஜாக்கள் 7:23ஐ எடுப்பார்: சாலொமோன் ராஜா செய்வித்த 'வெண்கலக் கடல்' என்ற பெரிய வட்டத் தொட்டி, குறுக்களவு பத்து முழம், சுற்றளவு முப்பது முழம். "அப்படியென்றால் பை (π) மூன்றா?" ஒருவன் கிண்டலாகக் கேட்பான், இன்னொருத்தி கலக்கத்தோடு. இருவருக்கும் ஒரே பயிற்சிதான் கொடுப்பேன். சுற்றளவு சரியாக 30 என்றால் விட்டம் எவ்வளவு? சுமார் 9.55. முழு எண்ணாக்கினால் பத்து. பிறகு 26ஆம் வசனத்தைப் பார்க்கச் சொல்வேன். பாத்திரத்தின் கனம் நாலு விரல். அளந்தது உள்விளிம்பா வெளிவிளிம்பா? அரை மணி நேரம் அளவீட்டுப் பிழை பற்றிய பாடம் தானாக ஓடும். முடிவிலிகளிலும் பெரிது சிறிது உண்டு என்று காட்டிய கணித மேதை கேன்டர், 1880களில் இறையியலாளர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்ததைச் சொன்னால் வகுப்பு இன்னும் நிமிர்ந்து உட்காரும்.

தனியாகத் திணறாமல் இருக்க இரண்டு இடம் உண்டு. புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்கு அமெரிக்கக் கணிதச் சங்கமான எம்ஏஏ 1994 முதல் நடத்தும் 'பிராஜக்ட் நெக்ஸ்ட்'. கிறிஸ்தவக் கல்லூரிக் கணித ஆசிரியர்கள் கூடும் ஏசிஎம்எஸ். இரண்டிலும் என்னைப் போன்றவர்கள் நிறையக் கிடைத்தார்கள். விசா பற்றி முதல் நேர்காணலிலேயே கேளுங்கள். கல்லூரிகளுக்கு எச்1பி ஆண்டு உச்சவரம்பு இல்லை, லாட்டரியும் இல்லை. ஆனால் சின்னக் கல்லூரியின் அலுவலகத்தில் அந்தத் தாள்களை யாரும் நிரப்பிப் பழகியிருக்க மாட்டார்கள்.

சரி, ஆராய்ச்சி? செமஸ்டர் நேரத்தில் நடக்காது. கோடையில் இரண்டு மாணவர்களை வைத்துக்கொண்டு முடிச்சுக் கோட்பாட்டில் சிறு கணக்குகள் பார்க்கிறேன். ஒன்பது வருடத்தில் நான்கு கட்டுரை. பெரிய பல்கலைக்கழகத்தில் இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, இங்கே போதும். அது உறுத்தும் என்றால் வர வேண்டாம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கணித வேலை விளம்பரங்கள் வரும் மேத்ஜாப்ஸ் தளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சின்னக் கல்லூரிகள் பல, தங்கள் இணையதளத்தில் மட்டுமே விளம்பரம் போடும். டிசம்பரோடு தேடுவதை நிறுத்தவும் வேண்டாம். இருக்கும் நான்கு பேரில் ஒருவர் பிப்ரவரியில் வேலையை விட்டால் அப்போதுதான் ஆள் தேடுவார்கள். எனக்கு வேலை வாங்கித்தந்த விளம்பரம் வந்தது மார்ச் இரண்டாம் வாரம்.