சான்சாவை வளர்த்தது ராம்சே இல்லை

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' சீரியல் முடிந்து இத்தனை வருஷம் ஆகியும் அதன் நாயகிகளில் ஒருத்தியான சான்சா பேச்சை எடுத்தால் போதும், ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ராம்சே அவளைக் கட்டிக்கொண்டு வல்லுறவு செய்தவன், லிட்டில்ஃபிங்கர் அவளை அவனுக்குக் கட்டிவைத்தவன். 2019-இல் வந்த கடைசி சீசனில், லிட்டில்ஃபிங்கரும் ராம்சேவும் இல்லாவிட்டால் காலமெல்லாம் சின்னக் குருவியாகவே இருந்திருப்பேன் என்று சாண்டோர் என்ற வீரனிடம் சொல்வாளே, அந்த வசனத்தை வைத்துத்தான் சண்டை. வல்லுறவு ஒரு பெண்ணை வலிமையாக்கும் கருவி இல்லை என்று நடிகை ஜெசிகா சாஸ்டெய்ன் அப்போதே ட்விட்டரில் கண்டித்தார். "பட்டுத் தெளிந்தவள் தன் கதையைத் தானே சொல்கிறாள், உங்களுக்கு என்ன?" என்பது எதிர்க்கட்சி. நியாயமான கேள்விதான், அப்படி நினைக்கிறவர்களும் இருப்பார்கள். ஆனால் அந்த வசனத்தை அவள் வாயில் வைத்தவர்கள் எழுதியவர்கள். 2015-இல் அந்த முதலிரவுக் காட்சியில் அவளை விட்டுவிட்டு ராம்சேவின் கைதி தியோன் முகத்துக்கு கேமராவைத் திருப்பியதும் அதே சீரியல்தான். மூல நாவலில் ராம்சேவுக்குக் கட்டிவைக்கப்படுகிறவள் சான்சாவே இல்லை, வேறொரு பெண்.

இத்தனைக்கும் இவர்களுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. ஆறாவது சீசனில் லிட்டில்ஃபிங்கரை நிற்கவைத்து, ராம்சே என்னை என்ன செய்திருப்பான் என்று நினைக்கிறாய், சொல் என்று கேட்பாள். அவன் மழுப்புவான், இவள் விடமாட்டாள், இன்னும் என் உடம்பில் அதை உணர்கிறேன் என்பாள். அபாரமான காட்சி, சில நிமிஷம்தான். அப்புறம் ராம்சேவை நாய்களுக்குப் போட்டாள், லேசாகச் சிரித்தாள், கணக்கு முடிந்தது!

அந்தச் சில நிமிஷத்தை 12 எபிசோடுக்கு நீட்டத் துணிந்தவர் பிரிட்டிஷ் நடிகையும் எழுத்தாளருமான மிக்கேலா கோல். தனக்கு நடந்த பாலியல் வன்முறையிலிருந்து அவர் எழுதிய 'ஐ மே டிஸ்ட்ராய் யூ' (2020) சீரியலின் நாயகி, எழுத்தாளர் அரபெல்லா பாதி நேரம் எரிச்சலூட்டுவாள். எழுதவேண்டியதை எழுதமாட்டாள், சோஷியல் மீடியாவில் கத்துவாள், நண்பன் குவாமேயையே காயப்படுத்துவாள். கடைசி எபிசோடில் தன்னைச் சீரழித்தவனைச் சந்திப்பதை மாற்றி மாற்றிக் கற்பனை செய்துவிட்டு, கடைசியில் அது நடந்த பாருக்கே போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுவாள். அவனுக்கு என்னதான் தண்டனை என்று கடுப்பானவர்கள் ஏராளம். எனக்கு அந்தக் கடுப்பு இல்லை, பன்னிரண்டு எபிசோடும் அவனைப் பற்றியது இல்லையே.

என் குறை குவாமே விஷயத்தில்தான். அவனுக்கும் பாலியல் வன்முறை நடக்கிறது, போலீஸ் ஸ்டேஷனுக்கும் போகிறான், அங்கே அந்த ஆபீசருக்கு இவன் சொல்வதை எப்படிக் கேட்பதென்றே தெரியவில்லை, பாதியில் எழுந்து வந்துவிடுகிறான். அவனுக்கு இன்னும் இரண்டு எபிசோடாவது கொடுத்திருக்கலாம்.