ஓடுகிற வரைக்கும்தான் அது டிராம்

சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவில் போன வாரம் நான் ஏறிய மிலான் டிராம், இரண்டு நிறுத்தம் தாண்டியதும் சட்டென்று அமைதியாகிவிட்டது. விளக்குகள் அணைந்துவிட்டன, வண்டி மெல்ல உருண்டு நின்றது. மேலே மின்கம்பியிலிருந்து வண்டியின் கூரைக் கம்பம் நழுவிவிட்டது, அவ்வளவுதான். ஓட்டுநர் இறங்கிப் பின்பக்கம் போனார், தொங்கிய கயிற்றைப் பிடித்துக் கம்பத்தைக் கீழே இழுத்தார், அண்ணாந்து பார்த்துக்கொண்டே மெதுவாக மேலே விட்டார். நீலமாக ஒரு பொறி. விளக்குகள் திரும்ப எரிந்தன. உட்கார்ந்திருந்த யாரும் முகம் சுளிக்கவில்லை, எதிரே இருந்த குழந்தை மட்டும் "இன்னொரு தடவை" என்று கேட்டது. 1928 வாக்கில் இத்தாலியின் மிலான் நகரத்துக்காகச் செய்த வண்டி அது. பலகைப் பலகையாக வைத்துச் செய்த நீள மர இருக்கை, பித்தளைப் பிடிகள், சுவரில் இன்னும் இத்தாலிய மொழியிலேயே இருக்கும் அறிவிப்புகள். அதில் வேலைக்குப் போகிறவர்கள் கையில் காபியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் காட்சியில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

பழைய டிராம்களைக் காப்பாற்றுவது என்றாலே கண்ணாடிக் கூண்டு, கயிறு கட்டிய வேலி, "தொடாதீர்கள்" பலகை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நிறுத்தி வைத்த டிராம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். சக்கரத் தாங்கிகளில் கிரீஸ் இறுகும், மோட்டார் சுருள்களில் ஈரம் ஏறும், கூரைத் தகரத்தின் விளிம்பில் துரு தொடங்கும், அதைவிட மோசம், அதை எப்படி ஓட்டுவது எப்படிப் பழுதுபார்ப்பது என்று தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற்றுப் போய்விடுவார்கள். தினமும் ஓடுகிற வண்டிக்கு உதிரிபாகம் தேவைப்படும், தேவைப்பட்டால் அதைச் செய்ய ஒரு பட்டறை இருக்கும், பட்டறை இருந்தால் கை பழகிய ஆள் இருப்பார். அதனால்தான் பழைய வண்டியைக் காப்பாற்றுவதும் அது ஓடும் பாதையை நீட்டுவதும் எனக்கு ஒரே வேலையாகத் தெரிகிறது.

மார்க்கெட் தெருவில் இந்தப் பழைய வண்டிகள் ஓடும் வழித்தடமான எஃப் லைன் வந்த கதையே இதற்குச் சாட்சி. 1982 செப்டம்பரில் தெருவுக்கு அடியில் ஓடும் கம்பிவடம் இழுத்துச் செல்லும் இந்த ஊரின் கேபிள் கார்கள் முழுப் புதுப்பிப்புக்காக நிறுத்தப்பட்டன. கிட்டத்தட்ட இரண்டு வருடம் அவை கிடையாது என்றதும், சுற்றுலாப் பயணிகளுக்கு என்ன காட்டுவது என்ற கவலை வந்தது. அதே வருடம்தான் மார்க்கெட் தெருவின் சாதாரண டிராம்களும் முழுக்கச் சுரங்கத்துக்குள் போயிருந்தன, தெருவில் தண்டவாளம் மட்டும் சும்மா கிடந்தது. சரி, அதில் பழைய வண்டிகளை ஓட்டிப் பார்ப்போம் என்று 1983 கோடையில் ஒரு டிராம் திருவிழா தொடங்கினார்கள். மேயர் டயான் ஃபைன்ஸ்டைன் ஆதரவு கொடுத்தார். ஒரு கோடைக்கு என்று தொடங்கியது 1987 வரை ஒவ்வொரு வருடமும் நடந்தது. மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், கடைசியில் 1995 செப்டம்பர் 1 அன்று காஸ்ட்ரோ பகுதியிலிருந்து ஊர் மையம் வரை நிரந்தர வழித்தடமாகவே தொடங்கிவிட்டார்கள்.

அப்புறம் நடந்தது இன்னும் பெரிய விஷயம். கடலோரமாக, துறைமுகக் கட்டடங்களை மறைத்துக்கொண்டு, எம்பார்கடெரோ என்ற இரண்டடுக்கு மேம்பாலச் சாலை ஒன்று இருந்தது. 1989 அக்டோபர் நிலநடுக்கத்தில் அது சேதமானது, 1991ல் இடித்துவிட்டார்கள். பாலம் போன பிறகுதான் கடலே தெரிந்தது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்தக் கடலோரச் சாலையில் தண்டவாளம் போட்டு, 2000 மார்ச்சில் எஃப் லைனை மீனவர் துறை (ஃபிஷர்மன்ஸ் வார்ஃப்) என்ற கடலோரப் பகுதி வரைக்கும் நீட்டினார்கள். பெருந்தொற்றுக்கு முன்னால் நாளொன்றுக்கு இருபதாயிரம் பேர் அளவுக்கு இதில் போய்வந்தார்கள். கேபிள் காரில் ஏறத் தனியாகக் கூடுதல் கட்டணம், இதில் சாதாரண நகரப் பேருந்துக் கட்டணம்தான். உள்ளூர்க்காரர்கள் இதைக் கைவிடாமல் இருப்பதற்கு அது ஒரு முக்கியமான காரணம் என்று நான் நம்புகிறேன்.

வழித்தடம் நீண்டதும் வண்டி போதவில்லை. இங்கேதான் காப்பாற்றும் வேலை உண்மையில் சூடு பிடித்தது. இந்த வழித்தடத்தைத் தாங்குவது பிசிசி என்ற வகை. அமெரிக்க டிராம் நிறுவனங்களின் தலைவர்கள் ஒன்றாகக் கூடி, காருக்கும் பேருந்துக்கும் ஈடு கொடுக்கிற மாதிரி ஒரு நவீன டிராமை வடிவமைக்க வேண்டும் என்று குழு போட்டு உருவாக்கியது, 1936ல் ஓடத் தொடங்கியது. வட அமெரிக்காவில் மட்டும் ஐந்தாயிரம் அளவுக்குச் செய்தார்கள். ரப்பர் வைத்த சக்கரம், காந்த பிரேக், காரில் இருப்பது போல மிதிக்கட்டைகள். அந்த வரிசையில் வட அமெரிக்காவில் கடைசியாகச் செய்த வண்டி, 1952ல் வந்த 1040 எண், இந்த ஊருடையதுதான்.

எஃப் லைனுக்கென்று ஃபிலடெல்ஃபியாவிலிருந்து 1940களின் பிசிசிகளை வாங்கினார்கள். அங்கே தண்டவாள அகலம் 1581 மில்லிமீட்டர், இங்கே 1435. சக்கரங்கள் பொருத்திய அடிச்சட்டத்தைத் திருத்தாமல் அந்த வண்டி ஓர் அடிகூட நகராது. அதன் பிறகு நியூஆர்க்கிலிருந்து 11 வண்டிகள் வந்தன, அவை முதலில் மினியாபொலிஸில் ஓடி, அந்த ஊர் டிராமை மூடியபோது நியூஆர்க் வாங்கி, கிட்டத்தட்ட ஐம்பது வருடம் ஓட்டிவிட்டுக் கொடுத்தவை. மூன்று ஊரைப் பார்த்த வண்டிகள்! பிசிசி ஓட்டிய பல ஊர்களின் பழைய வண்ணங்களை வண்டிக்கு ஒன்றாகப் பூசியிருக்கிறார்கள். 1051 எண் வண்டி, இந்த ஊரின் நகரசபை உறுப்பினராக இருந்த ஹார்வி மில்க்கின் நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

எனக்கு இந்த விஷயத்தில் பைத்தியம் பிடித்தது ஒரு ஜன்னல் சட்டத்தால். சில வருடம் முன்பு ஒரு டிராம் கொட்டகையில் சனிக்கிழமைகளில் தன்னார்வலராகப் போய்க்கொண்டிருந்தேன். என் கையில் கொடுத்தது ஒரு மர ஜன்னல் சட்டம், ஒரு சுரண்டி, மூன்று விதமான உப்புத்தாள். மேலே பச்சை வண்ணம். சுரண்டினால் கீழே கிரீம், அதற்கும் கீழே கொஞ்சம் வேறு மாதிரிப் பச்சை, அதற்கும் கீழே சிவப்பாக ஏதோ, கடைசியில் செர்ரி மரத்தின் நிறம். நான்கு சனிக்கிழமை ஆனது ஒரு சட்டத்துக்கு. மூலையில் ஒரு திருகின் துளையைப் பழைய ஆள் யாரோ தீக்குச்சி வைத்து அடைத்திருந்தார், திருகு இறுக்கமாக நிற்பதற்காக. அந்தத் தீக்குச்சியை எடுக்க மனம் வரவில்லை. எங்கள் மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு, "அப்படியே விடு, நன்றாகத்தானே பிடிக்கிறது" என்றார். அது போதும் எனக்கு. வண்டி என்பது அது செய்யப்பட்ட வருடம் மட்டும் இல்லை, அதைத் தொட்ட எல்லாக் கைகளும்தான்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 1912ல் இந்த நகரசபை தன் சொந்த டிராமைத் தொடங்கியபோது ஓடிய முதல் எண் வண்டியைக்கூடப் புதுப்பித்து வைத்திருக்கிறோம். 1934ல் இங்கிலாந்தின் பிளாக்பூலில் ஓடிய கூரையில்லாத படகு டிராம் இங்கே இருக்கிறது. எல்லோருக்கும் அவை பிடிக்கும், அழகானவை. பிடிக்காத வண்டிகளை என்ன செய்யப் போகிறோம்?

போயிங் செய்த டிராமைச் சொல்கிறேன். வியட்நாம் போர் முடிகிற காலம், ஹெலிகாப்டர் ஆர்டர் குறைந்தபோது, போயிங்கின் ஹெலிகாப்டர் பிரிவு டிராம் செய்ய இறங்கியது. பாஸ்டனும் சான் பிரான்சிஸ்கோவும் வாங்கின. ஊரின் சுரங்கப் பாதைக்கு ஏற்றதாக, படி மேலே எழும்பி நடைமேடை உயரத்துக்கு வருகிற ஏற்பாடு எல்லாம் இருந்தது. ஆனால் கதவு அமைப்பு மிகச் சிக்கலானது, அடிக்கடி கெட்டுப்போனது. முன்பக்கம் வளைந்து குறுகியதால் உயர நடைமேடையில் முன்கதவைத் திறக்கவே முடியாது. ஊரே அதைத் திட்டியது. 2000களின் தொடக்கத்தில் இங்கே போய்விட்டது, பாஸ்டனில் 2007ல். பெரும்பாலானவை பழைய இரும்புக்குப் போயின. ரியோ விஸ்டா பக்கத்து வெஸ்டர்ன் ரயில்வே அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது, மெய்ன் மாநிலத்தின் சீஷோர் டிராலி அருங்காட்சியகத்தில் பாஸ்டன் வண்டி ஒன்று.

மோசமான வண்டியை எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இந்த ஊரில் 1980லிருந்து இருபது வருடம் பள்ளிக்கும் வேலைக்கும் போனவர்கள் அதில்தான் போனார்கள், நெரிசலில் அதன் கம்பியைத்தான் பிடித்துத் தொங்கினார்கள். அவர்களுடைய டிராம் அதுதான். 1928 வண்டியில் அவர்கள் நினைவு எதுவும் இல்லை. அதற்கு அடுத்து வந்த இத்தாலிய பிரேடா வண்டிகள், 151 இருந்தன, அவையும் கூடுதல் எடை, சத்தம் என்று திட்டு வாங்கியவை. 2017லிருந்து சீமென்ஸ் வண்டிகள் வரவர அவையும் விலகத் தொடங்கின. இப்போது ஒன்றிரண்டை ஒதுக்கி வைக்காவிட்டால் இருபது வருடம் கழித்துத் தேடினாலும் கிடைக்காது.

இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பழைய மிலான் வண்டி முழுக்க இரும்பும் செம்பும் மரமும். ஒரு பாகம் தேய்ந்தால் வார்த்துக்கொள்ளலாம், கடைந்துகொள்ளலாம். போயிங்கில் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுத் தரும் 'சாப்பர்' என்ற மின்னணுக் கட்டுப்பாடு. பிரேடாவில் ஏசி மோட்டார், இன்வெர்ட்டர், கணினிப் பலகைகள். அந்தப் பலகையில் ஒரு சில்லு போனால் எந்தப் பட்டறையில் கடைய முடியும்? அதனால் வண்டியை மட்டும் ஒதுக்கினால் போதாது. வரைபடம், மென்பொருள், சோதனைக் கருவி, இரண்டு மூன்று வண்டிகளின் உதிரிபாகங்கள், எல்லாவற்றையும் சேர்த்து வாங்கி வைக்க வேண்டும். சான் டியேகோ இதில் கொடுத்துவைத்தது. அங்கே 1981ல் ஓடத் தொடங்கிய சீமென்ஸ்-டியூவாக் யூ2 வண்டி எளிமையானது, பழைய மாதிரிக் கட்டுப்பாடு, அதன் முதல் வண்டியான 1001ஐப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஊர் மையத்தில் சுற்றிவர 2011ல் பிசிசி வழித்தடமும் ஒன்று தொடங்கினார்கள், அதன் முதல் வண்டி சான் பிரான்சிஸ்கோவில் ஓடி முடித்து, தெற்கு டாஹோ ஏரிப் பக்கம் கிடந்த வண்டி.

போயிங்கையோ பிரேடாவையோ எஃப் லைனில் ஓட்டலாமே என்று கேட்பவர்களுக்கு: மார்க்கெட் தெருவில் அப்படியே முடியாது. அங்கே மேலே டிராலி பஸ்களும் அதே கம்பிகளைப் பயன்படுத்துகின்றன, அவற்றுக்கு இரண்டு கம்பி வேண்டும். நமது பழைய டிராம் ஒற்றைக் கம்பத்தின் நுனியால் ஒரு கம்பியை மட்டும் தொட்டுக்கொண்டு போகும். போயிங்கின் தலையில் இருப்பதோ கம்பியைத் தொட்டுக்கொண்டு போகும் அகலமான சட்டம், பான்டோகிராஃப், அது இரண்டு கம்பியையும் ஒரே நேரத்தில் தொட்டால் மின்சுற்று குறுக்காகிவிடும். வேறு தடத்தில், பான்டோகிராஃப் போகக்கூடிய இடத்தில், விசேஷ நாட்களில் ஓட்டலாம். அதற்குத்தான் பழைய வண்டி ஓடும் தடங்கள் ஒன்றுக்கு மேல் வேண்டும் என்கிறேன்.

கடலோரமாக மட்டும் போகும் இ லைன் 2015ல் வார இறுதிகளுக்கு என்று வந்தது. தெற்கு முனையில் வண்டி சுற்றித் திரும்ப வளையம் இல்லாததால் இரண்டு பக்கமும் ஓட்டக்கூடிய வண்டிகள்தான் அதற்கு ஆகும், 1948ல் வாங்கிய இருமுனைப் பிசிசிகள் அதற்குக் கைகொடுத்தன. 2020ல் பெருந்தொற்றோடு அது நின்றது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கூட்டங்களில் நான் எழுந்து பேசுகிறேன், அடுத்த கூட்டத்திலும் பேசுவேன்.

இன்னொன்று மேற்குப் பக்கம். மீனவர் துறையிலிருந்து பழைய ராணுவத் தளமான ஃபோர்ட் மேசன் வரைக்கும் நீட்டிக்கும் திட்டம், தேசியப் பூங்காத் துறை சுற்றுச்சூழல் ஆய்வெல்லாம் முடித்து வைத்திருக்கிறது. தூரம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. நடுவில் ஒரு சுரங்கம் தயாராகவே இருக்கிறது, 1914ல் துறைமுகச் சரக்கு ரயிலுக்காகத் தோண்டியது, ஒற்றைத் தடம் போகிற அகலம். பணம்தான் இல்லை. வண்டிக்கு, தண்டவாளத்துக்கு, மேல்கம்பிக்கு, ஓட்டுநருக்கு என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும், பேருந்துகளையே குறைக்கப் பார்க்கும் காலத்தில் இதைக் கேட்பது எளிதில்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்க வேண்டும். முனையில் இறங்கி ஏற ஆள் இருந்தால்தான் கொட்டகையில் இருக்கும் வண்டிகளை வெளியே எடுக்கக் காரணம் கிடைக்கும்.

போன ஞாயிறு எஃப் லைனின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அக்வாட்டிக் பார்க் வழியாகச் சுரங்க வாய் வரைக்கும் நடந்து போனேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் உள்ளே இருட்டுதான், குளிர்ந்த காற்று முகத்தில் படுகிறது. பின்னால், துறைப் பக்கம், வளைவில் திரும்பும் பிசிசியின் மணி இரண்டு தடவை கேட்டது.