கோடியக்கரை: முழங்காலுக்கு வேலை வைக்காத நடைகள்

கோடியக்கரைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வண்டியிலேயே ஒரு சுற்றுச் சுற்றி, தூரத்தில் ஓடும் மானைக் கண்ணாடி வழியாகப் படம் பிடித்துவிட்டு, "பறவை ஒண்ணையும் காணோமே" என்று திரும்பிவிடுகிறார்கள். பறவை இருக்கிறது. இறங்கி நடக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் பெரிய தெம்பெல்லாம் வேண்டாம், ஏற்ற இறக்கமே இல்லாத ஊர் இது. முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவையும், ஓரிடத்தில் நிற்காத அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு ஜனவரியில் போனதால், இரண்டு பேருக்கும் ஒத்துவருகிற நடைகளாகவே தேடினோம்.

ஊர் அமைந்திருக்கும் இடமே விசேஷம். வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் சோழமண்டலக் கரை இங்கே வந்து சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, மேற்கே போகப்போக உப்பங்கழியும் சேறும். வெளிமான்களுக்காக 1967இல் சரணாலயம் ஆக்கினார்கள். 2002இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, 2022 வரை தமிழ்நாட்டுக்கு அந்தப் பட்டியலில் இருந்த ஒரே இடமும் இதுதான். பறவைக்கு இந்தப் பட்டமெல்லாம் தெரியாது. கணுக்கால் அளவுத் தண்ணீரும் அதற்கடியில் சேறும் அந்தச் சேற்றில் புழுவும் இருந்தால் வருகிறது.

முதல் நடை வேதாரண்யத்திலிருந்து தெற்கே வரும் சாலையோரம். வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கிறது. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்தே வந்து உப்பெடுத்த இடம். அங்கே நின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் இரண்டு பக்கமும் உப்பளங்கள் தொடங்கிவிடும். மழை முடிந்து பாத்திகளைச் சீர்செய்துகொண்டிருந்தார்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, வேலை நடக்கும் வரப்புகளில் ஏறாமல் சாலையோரமாகவே மெதுவாக நடந்தோம். அம்மாவுக்கு இதுதான் பிடித்தது, ஏனென்றால் எங்கே வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம். பாத்திகளில் முழுக்க உள்ளான்கள், சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள். கொசு உள்ளான் இருபது, முப்பது கிராம் எடைதான் இருக்கும், சைபீரியத் தூந்திரம் என்கிற மரமில்லாக் குளிர்நிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு அந்த உடம்போடு இவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறது. தையல் மிஷின் ஊசி மாதிரி சேற்றில் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டே இருந்தது, தலை நிமிரவே இல்லை. பக்கத்தில் செங்கால் உள்ளான், இன்னும் கொஞ்சம் ஆழத்தில் கரண்டிவாயன்கள் தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டு.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். படத்துக்காக ஒரு கார்க்காரர் இறங்கிக் கையைத் தட்டினார், கூட்டம் முழுக்க எழும்பிப் பறந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பறவை தின்பதெல்லாம் மறுபடி வடக்கே பறப்பதற்கான கொழுப்பாகச் சேர வேண்டியது, ஒவ்வொரு தடவை பதறிப் பறக்கும்போதும் அதில் கொஞ்சம் கரைகிறது. நீங்கள் அசையாமல் நின்றால் அதுவே மேய்ந்துகொண்டு கிட்டே வந்துவிடும். எங்கள் வீட்டு வாண்டே இதைப் புரிந்துகொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தான் என்றால் பெரியவர்களுக்கு என்ன கேடு?

பூநாரைகள் சாலையிலிருந்து எட்டத்தில்தான் நின்றன. சதுப்பின் உட்பகுதிக்கு நினைத்தபடி போக முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். பைனாகுலரில் பார்த்தோம். காலால் சேற்றை மிதித்துக் கலக்கி, அலகைத் தலைகீழாக நீரில் கவிழ்த்து வடிகட்டித் தின்கின்றன. இந்தச் சதுப்பில் கடலின் ஏற்றவற்றம் குறைவு, காற்றுதான் தண்ணீரை அங்கும் இங்கும் தள்ளுகிறது. அதனால் நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்கும் என்று நம்பிப் போகாதீர்கள். உப்பளத்தில் வேலை செய்பவர்களிடம் கேட்டால் இன்றைக்கு எந்தப் பக்கம் என்று சரியாகச் சொல்கிறார்கள்.

இரண்டாவது நடை கடற்கரை, எனக்குப் பிடித்தது இதுதான். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வெளியூர் மீனவர்களும் இங்கே வந்து தங்கித் தொழில் பார்ப்பார்கள், அக்டோபரிலிருந்து மார்ச் வரை கரை முழுக்கப் படகும் வலையும் கருவாடும்தான். அந்த வாசனை பழகக் கொஞ்ச நேரம் ஆகும், சரி, ஆனால் படகு இருக்கும் இடத்தில்தான் கடற்பறவையும் இருக்கும். விடிந்ததும் போய், அலை தொட்டுப் போன ஈர மணலிலேயே நடந்தோம். அங்கே தரை கெட்டியாக இருக்கும், கால் புதையாது. மேலே காய்ந்த மணலில் நடந்தால் கால் மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

கடற்காகத்துக்கும் ஆலாவுக்கும் வித்தியாசம் தெரிய புத்தகம் தேவையில்லை. கடற்காகம் படகைச் சுற்றிச் சுற்றி வந்து மிச்சம் மீதியைப் பொறுக்கும், தண்ணீரிலேயே உட்கார்ந்து மிதக்கும். ஆலா ஒல்லி, கூரான சிறகு, மேலே நின்று பார்த்துவிட்டு அப்படியே தலைகுப்புறக் கடலில் விழும். "பழுப்புத்தலைக் கடற்காகம்னு சொன்னீங்க, தலை வெள்ளையாத்தானே மாமா இருக்கு?" என்று பையன் மடக்கினான். நியாயமான கேள்வி. திபெத், லடாக் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் காலத்தில்தான் அதற்குத் தலை பழுப்பாகும். இங்கே வரும்போது கண்ணுக்குப் பின்னால் ஒரு கருப்புத் திட்டு மட்டும் மிச்சம் இருக்கும். மணல் திட்டில் ஆலாக்கள் எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து, காற்றை எதிர்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. நடுவில் சிவந்த தடித்த அலகோடு பெரிதாக ஒன்று, அது காஸ்பியன் ஆலா. இன்னும் நெருங்கலாமா என்று பார்த்தபோது வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், "தம்பி, அங்கிட்டுப் போகாதீங்க, மேல சேறு, முழங்கால் வரைக்கும் உள்ள இழுக்கும்" என்றார். அதோடு சரி. ஜனவரிக்குப் பிறகு பங்குனி ஆமைகள் முட்டையிடவும் இந்தக் கரைக்கு வரும், அதனால் இரவில் டார்ச் அடித்துக்கொண்டு மணலில் திரிவது வேண்டாம்.

காட்டுக்குள் போகும் மூன்றாவது நடையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சோதனைச் சாவடியில் கட்டணம் கட்டி, எங்கே இறங்கி நடக்கலாம் என்று கேட்டுக்கொண்டு, ராமர் பாதம் வரை போனோம். ராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்பது ஐதீகம். காட்டிலேயே உயரமான இடம் என்கிறார்கள், ஒரு மணல்மேடுதான், அம்மா கைப்பிடி இல்லாமல் ஏறிவிட்டார். பாலையும் நாவலும் உகாயும் நிறைந்த காடு. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப் போட்ட அடையாளம் இன்னும் கண்ணில் படுகிறது. புல்வெளியில் வெளிமான்களும், யாரோ எப்போதோ விட்டுப்போனவற்றின் வழிவந்த குதிரைகளும் மேய்கின்றன. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டுப் போகிறவர்களுக்கு: 2004 சுனாமியில் மிச்சமிருந்ததும் சரிந்துவிட்டது, கற்குவியல்தான். பறவைக்காக என்றால் இந்த நடையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்க, சாப்பிட வேதாரண்யம்தான் வசதி. தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், உப்பளப் பக்கம் நிழலே கிடையாது, ஒன்பது மணிக்கு மேல் வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசும். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023இலிருந்து மறுபடி ரயில் ஓடுகிறது. தை அமாவாசையன்று போகாதீர்கள், கடல் குளியலுக்கு வரும் கூட்டத்தில் ஓர் ஆலாகூடக் கரையில் உட்காராது. நவம்பரில் போனால் மழை, பிப்ரவரி முடிந்ததும் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பத் தொடங்கிவிடும். ஏப்ரலில் போய் நின்றால் உப்பு வாரும் வேலை மட்டும்தான் மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்.