வடதாரகையும் ஒடியல் கூழும்: யாழ்ப்பாணத் தீவுகளில் நான்கு நாள்கள்

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கும் என் தம்பிக்கும் ஒரே பேச்சாக இருந்தது. 2023 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவை சில நாள்களிலேயே நின்றுபோய், 2024 ஆகஸ்ட் 16 அன்று ‘சிவகங்கை’ என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. விமானத்தில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து வடக்கே ஒரு பகல் முழுதும் பயணம் செய்வதைவிட, ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கடலைக் கடந்து நேரே யாழ்ப்பாண மண்ணில் இறங்குவது செலவிலும் களைப்பிலும் குறைவு என்று கணக்குப் போட்டு, ஓர் ஆவணி மாதத்தில் புறப்பட்டோம். எங்கள் நோக்கம் யாழ்ப்பாண நகரம் அன்று. அதன் தென்மேற்கே கடலில் கிடக்கும் தீவுகள். அவற்றிலும் குறிப்பாக, தொலைவில் தனித்திருக்கும் நெடுந்தீவு.

முதல் நாளிலேயே ஒரு தவறு தெரியவந்தது. ஆவணியில் நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா நடக்கும் என்பது தெரிந்திருந்தும், அது இருபத்தைந்து நாள் நீளும் என்பதையும், வெளிநாடுகளில் வாழும் யாழ்ப்பாணத்தவர்கள் அந்த நாள்களில்தான் ஊர் திரும்புகிறார்கள் என்பதையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. கோயிலுக்கு அருகில் முன்பதிவு செய்திருந்த விடுதியில், பேசியதைப்போல இரு மடங்கு வாடகை கேட்டார்கள். அன்றிரவு மட்டும் அங்கே தங்கிவிட்டு, மறுநாள் காலை வண்ணார்பண்ணைப் பக்கம் ஒரு வீட்டின் மாடி அறைக்கு மாறினோம். அந்த வீட்டு அம்மா வாடகையோடு காலையில் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் தந்தார். திருவிழாக் காலத்தில் போகிறவர்கள் நல்லூரை விட்டுத் தள்ளித் தங்கினால், மிஞ்சும் பணத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தீவுகளில் கழிக்கலாம்.

தீவுகளுக்குப் போகும் வழி மிக எளியது. யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் ‘குறிகட்டுவான்’ என்று எழுதியிருக்கும் பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால் போதும். பண்ணைத் தாம்போதியில், அதாவது கடலின் குறுக்கே போட்ட சாலையில், பேருந்து ஏறியதும் இருபுறமும் கடல் வந்துவிடுகிறது. ஆழமே இல்லாத, பாசி வண்ணத்தில் கிடக்கும் கடல் அது. அதில் கம்புகளை வரிசையாக நட்டு வலை கட்டியிருக்கிறார்கள், மீன் வற்றுநீரோடு வந்து தானே அதற்குள் நுழைகிறது. வேலணையைத் தாண்டி, இன்னொரு தாம்போதி வழியே புங்குடுதீவுக்குள் நுழைந்தால், பனைகளும், ஆளில்லாமல் கூரை சரிந்த பெரிய கல்வீடுகளும் மாறி மாறி வருகின்றன. போரும் இடப்பெயர்வும் இந்தத் தீவுகளிலிருந்து எத்தனை குடும்பங்களைக் கொண்டுபோயிருக்கின்றன என்பதை அந்த வீடுகளின் வாசல்களில் முளைத்திருந்த மரங்கள் காட்டின. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், தம் ஊர்ப் பெயர்களை இந்தத் தீவுகளுக்குச் சூட்டினார்கள்: வேலணைக்கு லைடன், புங்குடுதீவுக்கு மிடில்பர்க், நயினாதீவுக்கு ஹார்லெம், காரைநகருக்கு ஆம்ஸ்டர்டாம். மற்றவையெல்லாம் மறைந்துபோக, நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும் ஆங்கிலப் பலகைகளில் இன்னும் நிற்கிறது.

குறிகட்டுவான் துறையில் சாலை முடிகிறது. அங்கிருந்து நயினாதீவுக்குக் கால் மணி நேரப் படகுப் பயணம். இரண்டாம் நாளை அதற்கு ஒதுக்கினோம். நாகபூசணி அம்மன் கோயிலும், பௌத்தர்கள் புத்தர் வந்து சென்ற இடமாகப் போற்றும் நாகவிகாரையும் ஒரே சிறு தீவில் நடக்கும் தொலைவில் இருப்பதால், படகில் திருநீற்று நெற்றிகளும் வெள்ளையுடைச் சிங்களக் குடும்பங்களும் தோளோடு தோள் ஒட்டி அமர்ந்திருந்தார்கள். பசித்தவர்க்குக் குறையாமல் சோறிட்ட அமுதசுரபி மணிமேகலைக்குக் கிடைத்த மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று கருதுவோர் பலர். அந்த நம்பிக்கையின் வழியே அமைந்த அமுதசுரபி அன்னதான மண்டபத்தில், வருகிற அடியார்களுக்கு மதியச் சோறு போடுகிறார்கள். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, ரசம், பாயசம். உண்டியலில் எங்களால் இயன்றதைப் போட்டுவிட்டு வந்தோம். செலவு குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக அன்னதானத்தை ஒரு சலுகை உணவாக நினைத்துப் போவது எனக்கு ஒப்பவில்லை. அது அந்தக் கோயிலின் அறம். நாமும் அதில் பங்கு செலுத்திவிட்டே உண்ண வேண்டும்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் முதல் பேருந்தைப் பிடித்தோம், ஏனென்றால் நெடுந்தீவுக்குப் போகும் படகின் நேரம் தவறினால் அந்த நாளே போய்விடும். ‘வடதாரகை’ என்ற அரசுப் படகில் நாங்கள் போனபோது கட்டணமே இல்லை. தீவு மக்கள் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் போய்வர ஓடும் படகு அது; ஆகவே ஊரார் ஏறிய பிறகு ஏறி, அவர்களுடைய அரிசி மூட்டைகளுக்கும் எரிவாயு உருளைகளுக்கும் இடம் விட்டு ஒதுங்கி நின்றோம். பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆவணியில், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. நயினாதீவு மறைவைத் தாண்டியதும் படகு பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. தம்பி வாந்தி எடுத்தான். அருகில் இருந்த முதியவர் ஒருவர், மடியிலிருந்து தேசிக்காய் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்து, “மணந்துகொண்டு தூரத்தைப் பாருங்கோ தம்பி, கிட்டத் தண்ணியைப் பார்க்காதையுங்கோ” என்றார். நாம் எலுமிச்சை என்பதை அங்கே தேசிக்காய் என்கிறார்கள். கச்சான் என்ற சொல் அங்கே மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கும் பெயர், வேர்க்கடலைக்கும் பெயர் என்று சொல்லித் தந்தவரும் அவரே.

நெடுந்தீவில் இறங்கும் மாவலித்துறைக்கு அருகே குமுதினிப் படகின் நினைவிடம் இருக்கிறது. 1985 மே 15 அன்று இதே கடலில், இதே போன்ற ஒரு பயணத்தில், அந்தப் படகில் வந்த ஊர்மக்கள் கொல்லப்பட்டார்கள். அங்கே சிறிது நேரம் நின்றுவிட்டுத்தான் ஊருக்குள் போனோம்.

தீவைச் சுற்றிப் பார்க்க ஓட்டோவை நம்புவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. படகிலேயே அறிமுகமான திருகோணமலை இளைஞர்கள் இருவருடன் கூலியைப் பகிர்ந்துகொண்டோம், அதனால் பாதிச் செலவு மிஞ்சியது. இந்தத் தீவின் நிலமே பவளப் பாறை. வேலியாகவும் மதிலாகவும் அந்தக் கற்களையே சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வீடுதோறும் காணிதோறும் எழுப்பியிருக்கிறார்கள். அருகில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பவளப் பூச்சிகள் விட்டுச்சென்ற பூவேலை தெரிகிறது. அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்க மரம் (பாவோபாப்) ஒன்று, அடியில் ஆள் நுழைந்து நிற்கும் பொந்துடன் நிற்கிறது. மருத்துவமனை வளவில் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூட்டின் தூண் இருக்கிறது. இவற்றையெல்லாம் விரைவாகவே பார்த்தோம், ஏனென்றால் என் மனம் முழுதும் குதிரைகளிடம் இருந்தது.

ஐரோப்பியர் விட்டுச்சென்ற குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் தீவின் தென்பகுதிப் புல்வெளியில் கட்டற்றுத் திரிகின்றன. வெயிலில் காய்ந்து பழுப்பேறிய புல்லும், தொலைவில் ஒரு நீலக் கோடாகக் கடலும், இரண்டுக்கும் நடுவே முப்பது நாற்பது குதிரைகளும். ஆவணியில் குளங்கள் வற்றிவிடுகின்றன. குடிநீரே மனிதர்க்கு அரிதாகிவிடும் அந்தக் காலத்தில், ஈரம் மிஞ்சிய ஒரு பள்ளத்தைச் சுற்றி அவை நின்றிருந்தன. ஒரு குட்டி, தாயின் வயிற்றடியில் நிழலுக்காக ஒண்டியிருந்தது. படம் எடுப்பதற்காக ஓட்டோவை விரட்டிக்கொண்டு அவற்றின் நடுவே போனவர்களைப் பார்த்தபோது எனக்கு வேதனையாக இருந்தது. தண்ணீரைத் தேடி வந்த விலங்கை விரட்டினால், அது எவ்வளவு தூரம் ஓடித் திரும்ப வேண்டியிருக்கும்! நூறு அடி தள்ளி ஓட்டோவை நிறுத்திவிட்டு, மதில் ஓரம் உட்கார்ந்திருந்தால் அவையே நெருங்கி வருகின்றன.

பெரும்பாலோர் பிற்பகல் படகில் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் இரவு தங்க முடிவு செய்திருந்தோம். அந்த முடிவினால்தான் ஒடியல் கூழ் கிடைத்தது.

நாங்கள் தங்கிய வீட்டில் ஆச்சி ஒருவர் இருந்தார். கூழ் காய்ச்சித் தர முடியுமா என்று நான் தயங்கிக் கேட்டதும், “அதை மத்தியானமே சொல்லியிருக்க வேணும் பிள்ளை, மாவை ஊறப்போட வேணுமே” என்றார். ஆனாலும் அன்று அவர் வீட்டுக்கே காய்ச்சுவதாக இருந்ததால், மா முன்பே ஊறிக்கொண்டிருந்தது. பனங்கொட்டைகளை மண்ணில் பாத்தியாகப் புதைத்துவைத்தால் சில மாதங்களில் கிழங்கு விடும். அந்தக் கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். ஒடியலை இடித்த மாவில் ஒரு கசப்பு உண்டு. அதைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை இறுத்து இறுத்து ஊற்றி, கசப்பைப் போக்கிய பிறகே அடுப்புக்குக் கொண்டுபோகிறார்கள்.

முற்றத்தில் மூன்று கல் கூட்டிப் பெரிய பானையை ஏற்றினார்கள். கொதிக்கும் நீரில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய் என்று வேகத் தாமதமாகும் வரிசையில் முதலில் போனவை காய்கள். பிறகு மீன் தலைகள், நண்டு, இறால். இவற்றையெல்லாம் அன்று பிற்பகல் கரைக்கு வந்த படகில் வாங்கியிருந்தார்கள். வீட்டுக்காரர் சொன்ன விலையைக் கேட்டு, நகரத்து உணவகத்தில் முந்தின நாள் ஒரு நண்டுக் குழம்புக்குக் கொடுத்ததை நினைத்துக்கொண்டேன். அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும் புளிக்கரைசலும் சேர்ந்த பிறகு, ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றி, கைவிடாமல் துழாவி, இறக்கும் நேரத்தில் முருங்கையிலையைத் தூவினார் ஆச்சி. பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் ஊற்றி, கடித்துக்கொள்ளத் தேங்காய்ச் சொட்டும் தந்தார். “ஆறவிட்டால் கட்டியாகிப்போடும், சுடச்சுடக் குடிக்க வேணும்.”

முதல் வாயில் உறைப்பும் புளிப்பும்தான் தெரிந்தன. இரண்டாவது மூன்றாவது வாயில், கடல் உணவின் இனிப்புக்கு அடியிலிருந்து பனங்கிழங்கின் மண் மணம் மெல்ல எழுந்தது. ஓலையின் பச்சை வாசனை அதனோடு கலந்திருந்தது. ஆறு இல்லாத, நெல் அரிதான ஒரு நிலம், தன்னிடம் இருக்கும் பனையையும் கடலையும் ஒரே பானையில் சேர்த்து உண்டாக்கிய உணவு என்று எனக்குத் தோன்றியது. வியர்வை வழிய மூன்று பிளா குடித்தேன். காலையில் வாந்தி எடுத்த தம்பி நான்கு குடித்தான். அந்த வீட்டார், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், நாங்கள் என்று முற்றத்து மணலில் வட்டமாக அமர்ந்திருந்தோம். கூழ் ஒருவருக்காகக் காய்ச்சுவதில்லை என்று ஆச்சி சொன்னார். விருந்தாளிக்கு எதற்குக் காசு என்று அவர் மறுத்தாலும், அறை வாடகையோடு சேர்த்து மகனிடம் கொடுத்துவிட்டோம்.

ஆவணி பனம்பழக் காலமும்கூட. நான்காம் நாள் காலை அடுப்படியில் பனங்காய்ப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கனிந்த பழத்தின் தோலை உரித்து, களியைக் கையால் பிசைந்தெடுத்து, துணியில் வடித்து, சர்க்கரையோடு காய்ச்சி, மாவு சேர்த்துக் கிள்ளிக் கிள்ளி எண்ணெயில் போட்டார்கள். வீடு முழுதும் பழ மணம். நான் சூட்டோடு ஒன்றை எடுக்கப் போனபோது ஆச்சி கையைப் பிடித்துத் தடுத்தார்: “இண்டைக்குத் தின்னாதை மோனை, நாளைக்குத்தான் அதின்ரை ருசி.” ஒரு பொதி கட்டித் தந்தார்.

கையில் இலங்கை ரூபாயைத் தாளாகவே கொண்டுபோக வேண்டும். தீவில் நாங்கள் வாங்கிய கடை எதிலும் அட்டை செல்லவில்லை. குடிதண்ணீரை யாழ்ப்பாணத்திலேயே வாங்கிச் சுமந்து போவது, தீவாருடைய தண்ணீரில் கைவைக்காமல் இருப்பதற்காகவும் நல்லது. திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காற்று மிகுந்தால் அந்த நேரமும் மாறும். வாங்கி வருவதற்கு விலையுயர்ந்த பொருள்கள் தேவையில்லை. சிறு ஓலைக் குட்டான்களில் ஊற்றி உறையவைத்த பனங்கட்டி, புழுக்கொடியல், பனம்பழக் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்த பினாட்டு, பருத்தித்துறைத் தட்டை வடை ஆகியவை எல்லாம் யாழ்ப்பாணச் சந்தையில் கிடைக்கின்றன. பனங்கட்டியை ஒரு கடி கடித்துக்கொண்டு பால் ஊற்றாத தேநீரைக் குடிப்பது அவ்வூர் வழக்கம், இப்போது எங்கள் வீட்டு வழக்கமும் ஆகிவிட்டது. ஒரு கிலோ ஒடியல் மாவும் வாங்கினேன்.

பணியாரப் பொதியை மறுநாள் கப்பலில், காங்கேசன்துறைக் கலங்கரை விளக்கம் கண்ணுக்கு மறைந்த பிறகு பிரித்தோம். ஆச்சி சொன்னது சரிதான். எண்ணெய் உள்ளிழுத்து, மேல்பக்கம் மென்மையாகி, பழத்தின் இலேசான கசப்பு இனிப்புக்குள் இறங்கியிருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த நாகப்பட்டினத்துப் பெரியவர் ஒன்றை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, சிறு வயதில் தம் பாட்டி சுட்டது இதே மணம்தான் என்றார். அவருக்கு இன்னும் இரண்டு கொடுத்தோம்.