அண்ணனுக்கு மறுபடியும் தடுப்பூசி

அண்ணனின் ரத்தப் புற்றுநோய் கீமோவில் அடங்கிவிட்டது, ஆனால் திரும்ப வராமலிருக்க, ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை வேறொருவரிடமிருந்து எடுத்து மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். மார்த்தாண்டத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலைந்து ஓய்ந்திருந்த நேரம். கூடப் பிறந்த ஒருவருக்கு எச்.எல்.ஏ. (செல்களின் மேலிருக்கும் அடையாளப் புரதங்கள்) முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். அக்காவுக்குப் பொருந்தவில்லை, எனக்குப் பொருந்தியது. ரத்த வகை வேறாக இருப்பது தடையில்லையாம்.

முதுகெலும்பைத் துளைப்பார்கள் என்று அம்மாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். "மக்ளே, ஒனக்கும் வல்லதும் ஆச்சுன்னா?" என்று ஒரே அழுகை. துளையெல்லாம் இல்லை. தினமும் ஊசி, ஐந்து நாள். எலும்பு மஜ்ஜையிலிருக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு இறக்கிவிடும் மருந்து அது. மூன்றாம் நாள் இடுப்பெலும்பு விண்விண்ணென்று தெறித்தது, பாராசிட்டமாலில் ஓட்டினேன். கடைசி நாள், ஒரு கையிலிருந்து மெஷினுக்குப் போன ரத்தம் ஸ்டெம் செல்லை விட்டுவிட்டு மறு கை வழியாகத் திரும்பியது. நான்கு மணி நேரம். உதடு மரத்தது, கால்சியம் கொடுத்ததும் சரியானது. கையை மடக்க முடியாமல் மூக்கு அரித்ததுதான் உண்மையான அவஸ்தை.

அண்ணனுக்கு அதைச் சாதாரணமாக ரத்தம் ஏற்றுவது போலத்தான் ஏற்றினார்கள். "மஜ்ஜைக்குப் போக அதுக்கே வழி தெரியும்" என்றார் நர்ஸ். 14ஆம் நாள், கிருமிகளோடு சண்டையிடும் வெள்ளணுவான நியூட்ரோபில் 500ஐத் தாண்டியது, என் செல்கள் அங்கே வேர்பிடித்துவிட்டன என்று அர்த்தம். மைனி அன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு. நியூட்ரோபில் சில வாரத்தில் வந்துவிடும். நோயெதிர்ப்பை வழிநடத்தும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் அப்படியில்லை. அவை தைமஸ் சுரப்பியில் பாடம் படித்துத் தேற வேண்டும், அதுவோ வயது ஏற ஏறச் சுருங்கிவிடும். அண்ணனுக்கு 41. போதாததற்கு, என் செல்கள் அவர் உடம்பையே தாக்காமலிருக்க எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை வேறு. ஒரு வருடத்துக்கு மேல் முகக்கவசம், கொதித்த தண்ணீர். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்கு நாங்கள் மட்டும் போய்வந்தோம்.

சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலனும் போய்விடுமாம். ஆறு மாதம் கழித்து டெட்டனஸ், போலியோ என்று ஒவ்வொன்றாக மறுபடி ஆரம்பித்தார்கள். தட்டம்மை ஊசியில் உயிருள்ள கிருமி இருப்பதால் அதற்கு மட்டும் இரண்டு வருடம் பொறுக்கச் சொன்னார்கள்.

அண்ணனின் ரத்த வகையும் மாறிவிட்டது, இப்போது அவருக்கும் என்னுடைய ஓ பாசிட்டிவ்தான். லைசென்ஸில் இன்னும் பி பாசிட்டிவ் என்றே இருக்கிறது. மாற்றப் போகலாம் என்றால், "போட்டும்டே, பொறவு பாப்போம்" என்கிறார்.